மரத்தின் ஈரமும் மனிதனின் அவசரமும்

புதுவையின் நோணாங்குப்பம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், முதலியார்பேட்டைப் பகுதிகளில் மரவாடி நடத்துவோரும், அறுப்பு மில் வைத்திருப்போரும், தச்சுப் பட்டறைகளில் உளியும் இழைப்புளியும் பிடிப்போருமாகிய அன்பர்களுக்கு,

சில வருஷங்களாக நம் வட்டாரத்துப் பட்டறைகளின் பின்புறத்தில், சுவரெங்கும் தெர்மாகோல் பதித்து, கனத்த கதவு போட்டு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் யந்திரம் ஒன்றை உள்ளே வைத்து மரத்தை உலர்த்துகிற அறைகள் ஒன்றிரண்டாகத் தோன்றி வருவதை மிகுந்த சந்தோஷத்தோடு கவனித்து வருகிறேன். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று கொட்டகையில் அடுக்கி வைத்துக் காத்திருந்த பழைய கணக்கு இன்றைய வியாபாரத்துக்கு ஒத்துவராது. மரத்தூளும் விறகும் எரித்துச் சூடேற்றும் சூளையோ சிறிய பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே மின்சாரத்தால் நடக்கிற இந்தச் சிறிய அறை நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வரப்பிரசாதமே. ஆயினும் அவ்வறைகளிலிருந்து வெளிவரும் பலகைகளைக் கையால் தடவிப் பார்க்கும்போது அந்தச் சந்தோஷம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. முகப்பில் மயிரிழை வெடிப்பு. முனையில் விரல் நுழையும் பிளவு. வாளில் வைத்து நெடுக அறுத்தால் இரு பாதியும் எதிரெதிராக வளைந்து வாளையே கவ்விக்கொள்ளும் விபரீதம். இவற்றை யந்திரத்தின் குற்றம் என்று சிலரும், மரத்தின் குற்றம் என்று சிலரும் சொல்லக் கேட்கிறேன். அறைக்குள் நிற்கும் காற்றின் ஈரத்தை நாம் ஆளுகிற முறையிலேதான் பிழை இருக்கிறதென்பது என் அபிப்பிராயம். அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி, அரியாங்குப்பத்தாறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலைத் தேடுகிற இடத்தில் நம் ஊர் அமைந்திருக்கிறது. ஒருபுறம் கழிமுகமும் மறுபுறம் கடலுமாகச் சூழ்ந்த இப்பூமியில் காற்று என்றைக்கும் முற்றிலும் உலர்ந்து நிற்பதில்லை. விடியற்காலையில் அதன் ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும் நண்பகலில் அதுவே ஐம்பதுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. பிற்பகலில் கடற்காற்று புகுந்தவுடன் மறுபடியும் ஏறிவிடும். மரமோ தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிற பதார்த்தம். முப்பது டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் எண்பதாக இருந்தால் மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். அறுபதானால் 11-ஐ ஒட்டி நிற்கும். ஐம்பதானால் 9-க்கு இறங்கும். கார்த்திகையில் தாழ்ப்பாள் விழாமல் அடம்பிடிக்கும் அதே கதவு வைகாசியில் விரற்கடை இடைவெளி காட்டுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள 287-ஆம் எண் தரநிலை, காற்றின் சராசரி ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கிறது. அந்தச் சராசரி 67 சதவீதத்துக்கு மேற்பட்ட கடலோரத்தில் வாழும் நாம் கடைசி மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். தில்லிக்காரருக்குப் பொருந்தும் கணக்கு நமக்குப் பொருந்தாது என்பதற்கு அது ஒன்றே போதிய சாட்சி.

இனி யந்திரத்தின் விஷயத்துக்கு வருகிறேன். குளிர்ந்த குழாய்ச்சுருளின் மேல் அறைக்காற்றை விசிறி செலுத்துகிறது. காற்றிலுள்ள நீராவி அங்கே நீராகிச் சொட்டுகிறது. ஆவி நீராகும்போது வெளிவிடுகிற வெப்பத்தை அதே யந்திரம் தன் சூடான சுருளின் வழியாக மீண்டும் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது. இதன் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். நூறு கன அடி பலா மரத்தை எடுத்துக்கொள்வோம். ஈரம் முழுவதும் போன பிறகு அதன் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. அது 60 சதவீத ஈரத்தோடு வந்து 12 சதவீதத்தில் வெளியே போக வேண்டுமானால் 670 லிட்டருக்குக் குறையாத தண்ணீர் அதை விட்டு நீங்க வேண்டும். அவ்வளவு நீரை ஆவியாக்குவதற்கு மாத்திரம் ஏறக்குறைய 450 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. சாதாரணச் சூளையில் அது ஈரக்காற்றோடு கூடவே துவாரத்தின் வழியாக வெளியேறிப் போகும். நம் அறையிலோ அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப உழைக்கிறது. காற்றின் ஈரத்தை யந்திரத்தால் ஆளும் இவ்வித்தை மனிதனின் சுகத்துக்காகப் பிறந்ததன்று என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது: 1902-இல் அமெரிக்காவின் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி வர்ணங்கள் விலகி விழுந்ததைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் தம் முதல் குளிர்சாதன யந்திரத்தை வகுத்தார். மரத்தின் வழிவந்த காகிதத்துக்கு நேர்ந்த சங்கடமே நம் பலகைக்கும் நேருகிறது.

ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே வாங்கிய யந்திரமாதலால், அதை முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டிவிட வேண்டும் என்று நினைப்பது மனித சுபாவம். அந்த நினைப்பே சகல நஷ்டங்களுக்கும் ஆதிகாரணம். பச்சை மரத்தின் நுண்ணறைகளின் வெற்றிடத்தில் நிற்கும் நீர் முதலில் போகும். அது போகும்வரை மரம் சுருங்காது. ஏறத்தாழ 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, நுண்ணறைகளின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் கழியத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. ஆனால் பலகை முழுவதும் ஒரே காலத்தில் அந்த எல்லையை அடைவதில்லை. உள்மரம் நனைந்து கிடக்கும்போதே மேல்தோல் அந்த எல்லைக்குக் கீழே போய்ச் சுருங்க முயல்கிறது. சுருங்காத உள்மரம் அதைச் சுருங்கவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. இழுவை தாங்காத மேற்பரப்பு, சித்திரை வெயிலில் வற்றிய ஏரியின் வண்டல் பாளம் பாளமாகப் பிளப்பதைப் போல, வெடித்துவிடுகிறது. இந்த ஆபத்திலிருந்து பலகையைக் காப்பது ஒன்றே ஒன்றுதான்: அறைக்காற்றில் நாமே வேண்டுமென்று நிறுத்தி வைக்கும் ஈரம். ஆரம்ப நாட்களில் காற்று ஈரமாக இருந்தால் மேற்பரப்பிலிருந்து நீர் மெல்லவே கழியும். உள்ளிருக்கும் நீர் மேலே வந்து சேர அவகாசம் கிடைக்கும்.

ஆகவே கடினமரத்தை ஏற்றிய முதல் நாட்களில் யந்திரம் ஓய்ந்திருக்கும் நேரம் ஓடும் நேரத்தைவிட மிகுதியாக இருக்க வேண்டும். காற்றின் ஈரத்தை அளக்கும் இரு வெப்பமானிகளில், உலர்குமிழ் நாற்பது டிகிரி காட்டும்போது நனைந்த துணி சுற்றிய ஈரக்குமிழ் முப்பத்தெட்டு காட்டினால் காற்றின் ஈரப்பதம் 88 சதவீதம், முப்பத்தேழானால் 82, முப்பத்து நான்கானால் 66, முப்பதானால் 48. கருமருது, கோங்கு முதலிய பிடிவாதமுள்ள மரங்களுக்கு இரண்டு டிகிரி வித்தியாசத்தில் தொடங்கி, பலகையின் ஈரம் மூன்றிலொரு பங்கு குறைந்தபின் மூன்றாகவும் நான்காகவும் கூட்டி, முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே ஆறு, எட்டு, பத்து என்று துணிவாகப் போகலாம். தேக்கு இந்த அளவு பயமுறுத்தாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 1141-ஆம் எண் தரநிலை மரங்களை உலரும் குணத்தால் மூவகையாக்கி, தேக்கை நடுவகையில் வைத்திருக்கிறது. அந்த ஏட்டை ஒவ்வொரு பட்டறையிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1906-இல் டேராடூனில் தோன்றிய வன ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டு மரங்களையே அறுத்து, நிறுத்து, உலர்த்திப் பல காலம் உழைத்துச் சேர்த்த ஞானம் இருக்கும்போது, ஓக் மரத்துக்கென்று யந்திரக் கம்பெனியார் அச்சடித்துத் தந்த அட்டவணையை நம் பூவரசின்மேல் பிரயோகிப்பது நியாயமாகாது.

மழைக்காலத்தைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை நிலவுகிறது; அதை நான் பல பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது, காற்றெல்லாம் ஈரம், ஆகவே கதவு கொஞ்சம் ஒழுக்கலாக இருந்தாலும், அடிக்கடி திறந்து பார்த்தாலும் மரத்துக்கு நல்லதுதான் என்பது அந்த நம்பிக்கை. இது முழுக்க முழுக்கத் தவறு. இருபத்தேழு டிகிரி வெப்பமும் 88 சதவீத ஈரப்பதமுமுள்ள மழைநாள் காற்று, நாற்பது டிகிரியில் இருக்கும் அறைக்குள் நுழைந்து சூடேறியவுடன், அதிலிருந்து ஒரு துளி நீரும் குறையாமலே, அதன் ஈரப்பதம் 42 சதவீதத்துக்கு விழுந்துவிடுகிறது. சூடான காற்றின் கொள்ளளவு பெரிது. முன்பிருந்த நீர் அதற்குச் சொற்பம். அடைமழையில் திறந்த கதவு, முதல் வாரத்துப் பலகைக்கு அக்கினி நட்சத்திரத்து வெயிலையே கொண்டுவந்து சேர்க்கிறது. கடைசி வாரத்திலோ அந்த ஒழுக்கலே எதிர்ப்பக்கம் வேலை செய்யும்; அறையில் முப்பத்தைந்து சதவீதம் வேண்டியிருக்கும்போது உள்ளே கசிகிற காற்று புதுப்புது நீரைச் சுமந்துவர, யந்திரம் மரத்தை விட்டுவிட்டு வங்காள விரிகுடாவை உலர்த்திக்கொண்டிருக்கும். கதவின் ரப்பர் விளிம்பை மாதத்துக்கொரு முறை சோதியுங்கள். உள்ளே விளக்கை ஏற்றிவிட்டு இரவில் வெளியே நின்று பார்த்தால் ஒளிக்கீற்று எங்கே தெரிகிறதோ அங்கே காற்றும் போகிறது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு சூக்ஷ்மத்தையும் சொல்ல வேண்டும். ஈரக்குமிழில் சுற்றிய பருத்தித்துணி எப்போதும் நனைந்திருக்க வேண்டுமென்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதை நனைக்கும் தண்ணீர் எது என்று யாரும் கேட்பதில்லை. கழிமுகத்தை ஒட்டிய நம் நிலத்தடி நீரில் உப்பு உண்டு. போர்வெல் தண்ணீரை அந்தக் கிண்ணத்தில் ஊற்றினால் சில நாட்களில் துணி வெளுத்து மொரமொரவென்று ஆகிவிடும். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிரும். அப்படி இறுகிய துணி நீரை உறிஞ்சாது. நீர் ஆவியாகாவிட்டால் குமிழ் குளிராது. குளிராத குமிழ் காற்று நிரம்ப ஈரமாக இருப்பதாகப் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பிக் கட்டுப்பாட்டுப் பெட்டி யந்திரத்தை மேலும் மேலும் ஓட்ட, உண்மையில் அறை வறண்டுகொண்டே போகும். சென்ற ஐப்பசியில் இவ்வட்டாரத்துப் பட்டறை ஒன்றில், மூன்றங்குலத் தூங்குமூஞ்சிப் பலகைகள் ஓர் அடுக்கு முழுவதும் பாழாகி நின்றதைப் பார்த்தேன். உடைமையாளர் மரம் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தார். துணியைத் தொட்டபோது அது கையில் அப்பளம்போல் நொறுங்கியது. பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சிவடித்த தண்ணீர் ஒரு கேன் வாங்கி வைத்தால் மாதக்கணக்கில் வரும்; துணியை வாரத்துக்கொரு முறை மாற்றினால் அதற்கு ஆகும் செலவும் அற்பமே.

யந்திரம் வடித்துத் தரும் நீரை அந்தக் கிண்ணத்துக்கு உபயோகிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கூடாது, மரத்திலிருந்து வரும் அமிலமும் துவர்ப்பும் அதில் கலந்திருக்கும். ஆனால் அந்நீருக்கு மகத்தான வேறொரு பிரயோசனம் உண்டு. அதைச் சாக்கடையில் விடாமல் அளவு குறித்த வாளியில் பிடித்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வாருங்கள். நூறு கன அடி பலாவில் ஒரு நாளைக்கு 28 லிட்டர் வடிந்தால், கதவு ஒழுகாத பட்சத்தில், மரம் அன்று இரண்டு சதவீதம் உலர்ந்திருக்கிறது என்று பொருள். ஓரங்குலக் கடினமரத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு சதவீதம் நிதானமான நடை; இரண்டங்குலமானால் ஒன்றே போதும். வாளி அதற்கு மேல் நிரம்பினால் ஈரப்பதத்தை ஏற்றி வையுங்கள். பலகையில் ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி முப்பது சதவீதத்துக்கு மேலே சரியாகச் சொல்லாது. அபாயமிகுந்த ஆரம்ப நாட்களில் நமக்கு நம்பிக்கையான வழிகாட்டி இந்த வாளியும், அடுக்கின் நடுவிலிருந்து உருவி எடுத்துத் தினமும் தராசில் வைக்கிற மாதிரிப் பலகையும்தான்.

அடுக்கும் முறையை நீங்கள் நன்கு அறிவீர்கள். ரீப்பர்கள் ஒன்றின்மேல் ஒன்று நேர்க்கோட்டில் நிற்கட்டும், காற்று அடுக்கைச் சுற்றிக்கொண்டு ஓடாமல் அதன் ஊடே போகும்படி பக்கவாட்டு இடைவெளிகளைத் தார்ப்பாயால் அடையுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முனைகளுக்கு மெழுகோ கனத்த பெயின்டோ பூசுவதை மட்டும் மரம் அறுத்த அன்றே செய்துவிடுங்கள்; மறுநாள் பூசுவது வெடித்த வாயை மூடுவதாகும்.

இத்தனை சிரத்தை எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நம்மிடம் வந்துசேரும் மரம் எத்தகையது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, நம் வீதிகளில் நிழல் தந்த பெருமரங்களும், பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்புகளும் ஒரே நாளில் சாய்ந்தன. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் அந்தத் துயரத்தை மறுபடியும் நினைவூட்டிற்று. தலைமுறை தலைமுறையாக நின்ற வைரம் பாய்ந்த பலா எவ்வளவோ விறகாய்ப் போயிற்று. உலர்த்தி வைக்க இடமும் முறையும் இல்லாததே அதற்குக் காரணம். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாவையே தேடிச்செல்லும் கைவினைஞர்கள் இருக்கிற நாட்டில் அவ்விதம் நேர்ந்தது என்னைப் பொறுத்தவரை தாங்க முடியாத இழப்பு. வீணையின் குடத்துக்காகும் பலாக் கட்டையில் ஒரு மயிரிழை வெடிப்பு விழுந்தால் அக்கட்டை நாதத்துக்கு உதவாது. இனியொரு புயல் வராதென்று யாரும் சொல்ல முடியாது. வரும்போது விழுந்த மரத்தை ஏற்று உலர்த்தக் கூடிய அறைகள் நம்மிடம் இருக்கின்றன என்பது பெரிய பலம். ஆரோவில்லில் வறண்ட செம்மண்ணைக் காடாக்க நட்ட வேலமர இனங்கள் இன்று மேஜையும் நாற்காலியுமாகி வருவதையும் நீங்கள் அறிவீர்கள். வளர்ச்சியில் வேகமுள்ள அம்மரங்கள் உலர்வதில் அவசரத்தைப் பொறுப்பதில்லை.

எந்த ஈரத்தில் மரத்தை வெளியே எடுப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. வீதியைப் பார்த்த ஜன்னலுக்கும், வெள்ளை நகரத்துப் பழைய வீடுகளில் உத்திரம் மாற்றுவதற்கும் 12, 13 சதவீதம் போதும். அதற்குக் கீழே உலர்த்திய பலகை முதல் மழையிலேயே நீர் குடித்துப் புடைக்கும். இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓடுகிற விடுதி அறைக்குப் போகும் அலமாரிக்கு 10. குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றி வாழும் ஐரோப்பிய நாடுகளுக்குக் கப்பலேறும் சாமானுக்கு 8-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். கொள்பவரின் வீட்டுக் காற்றை விசாரித்த பிறகே அறையின் முள்ளைத் திருப்புங்கள்.

கடைசியாக, பலரும் விட்டுவிடுகிற ஒரு கிரமம் உண்டு. மரம் குறித்த அளவுக்கு உலர்ந்தவுடன் கதவைத் திறந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் இழுவைக்கு உட்பட்ட மேல்தோல் அந்த நீட்சியிலேயே இறுகிப்போயிருக்கும். பின்னர் உள்மரம் சுருங்கும்போது நிலைமை தலைகீழாகி, பலகை வெளிக்கு நேராகத் தோன்றினாலும் உள்ளே முறுக்கி வைத்த வில்லாக இருக்கும். பலகையின் நடுப்பகுதியிலிருந்து குறுக்கே ஓரங்குலத் துண்டு ஒன்றை அறுத்து, அதன் நடுமரத்தை வெட்டி எடுத்துக் கவட்டையைப் போல இரு கொம்புகள் நிற்கும்படி செய்து பாருங்கள். கொம்புகள் நேராக நின்றால் க்ஷேமம். உட்புறமாக வளைந்து ஒன்றையொன்று தொடுமானால் அழுத்தம் இன்னும் தீரவில்லை. பரிகாரம், உறிஞ்சும் யந்திரத்தை நிறுத்திவிட்டு விசிறியை மாத்திரம் ஓடவிட்டு, அறைக்குள் ஆவி செலுத்துவது: 11 சதவீதத்துக்கு உலர்ந்த மரத்துக்கு நாற்பது டிகிரியில் காற்றின் ஈரப்பதம் எண்பதை ஒட்டி ஒரு நாளாவது நிற்க வேண்டும். இதற்கென்று யந்திரத்தோடு பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. சிறிய மின்கொதிகலன் ஒன்று வைத்துக்கொள்வது உத்தமம். அது கூடாதவர்கள் தரையில் நனைந்த சாக்குகளை விரித்தாவது பார்க்கலாம். ஆனால் பலகையின்மேல் நேராகத் தண்ணீர் தெளிப்பவர்கள் கறையைத்தான் சம்பாதிப்பார்கள். மரத்தின் வெள்ளைப் பகுதியில் வண்டு இருக்குமானால், நாற்பது, நாற்பத்தைந்து டிகிரியில் அது சாகாது என்பதையும் மறக்க வேண்டாம். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் அரைமணி நேரம் நின்றாலன்றி அதற்கு முடிவில்லை. அந்தச் சூடு எட்டாத அறையை வைத்திருப்பவர்கள் மா, வேலம் போன்றவற்றைப் பச்சையாக இருக்கும்போதே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கி எடுத்துவிடுவது நலம்.

அன்பர்களே, இம்மடலின் மூலம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. உங்களில் ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஏற்றிய மரம் எது, கனம் எவ்வளவு, காலையிலும் மாலையிலும் இரு குமிழ்களும் காட்டிய டிகிரி என்ன, வாளியில் விழுந்த லிட்டர் எவ்வளவு, இறுதியில் வெடித்த பலகை எத்தனை என்பவற்றை மறைக்காமல் எழுதி வாருங்கள். வெடித்ததை எழுதுவதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. பலா, பூவரசு, வாகை, தூங்குமூஞ்சி, வேம்பு என்னும் இந்த ஐந்துக்கும் சுண்ணாம்பாற்றங்கரைக் காற்றுக்குப் பொருத்தமான அட்டவணை ஒன்றை அந்த நோட்டுகளிலிருந்து நாமே தயாரித்துவிடலாம். வருகிற ஆனி மாதம் மேல்காற்று தொடங்கும்போது முதல் ஏற்றத்தை ஆரம்பித்தால், ஐப்பசி மழைக்குள் ஒவ்வோர் அறையிலும் மூன்று நான்கு ஏற்றங்களின் கணக்கு கைக்கு வந்துவிடும். அப்போது எல்லோரும் நோட்டுகளோடு ஓரிடத்தில் வந்து கூடுங்கள். கவட்டைத் துண்டுகளையும் மறவாமல் எடுத்துவாருங்கள், மேஜையின்மேல் பரப்பி வைத்துப் பேசுவோம்.

இப்படிக்கு,
நோணாங்குப்பத்து மரத்தொழிலாளி ஒருவன்